பட்டாளத்து ஒழுங்கும் ஊர்த் தொண்டும்

கடலூர் மாவட்டத்துக்குப் பேரிடர் புதிதல்ல. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் திடீர் வெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் அடித்துச் சென்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளில் புகுந்தது. இந்த நான்கு முறையும் உதவ முன்வந்தவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாணவர்கள் வந்தார்கள், இளைஞர் மன்றங்கள் வந்தன, ஊர்க்காவல் படையினர் வந்தார்கள், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் யாரும் கேட்காமலே கயிறும் கடப்பாரையுமாக இறங்கினார்கள். வந்தவர்களில் யாருக்கு எது தெரியும், யாரை எங்கே அனுப்புவது, யார் எத்தனை நாள் நிற்பார், அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக விடை தேட வேண்டியிருந்தது. தன்னார்வத் தொண்டும் நிர்வாகம் செய்யப்பட வேண்டிய ஒன்று, அதைக் கற்றுக்கொள்ள நமக்குக் கிட்டத்தில் இருக்கும் சமூகம் படைவீரர் சமூகம் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

ஆழிப்பேரலையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைப் பலிகொண்ட அந்தப் பேரலையில் கடலூர் மாவட்டம் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரை இழந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, சாமியார்பேட்டை, கிள்ளை என்று கரையோரம் முழுக்க இழவு. அடுத்த சில நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரிகள் வந்தன. லாரி நுழையக்கூடிய ஊர்களுக்கு மூன்று முறை அரிசி போனது. படகில் மட்டுமே அடைய முடிந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற மணல்திட்டுக் குடியிருப்புகளுக்கும், பிச்சாவரம் கழிமுகத்தை நம்பி வாழ்ந்த இருளர் குடும்பங்களுக்கும் அதே வேகத்தில் எதுவும் போகவில்லை. யாருக்கும் வேண்டாத பழந்துணிகள் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து மழையில் நனைந்து மக்கின. அந்தத் துணியைக் கட்டி அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். சாலை போன வழியிலேயே உதவியும் போனதற்குக் காரணம் மனக்குறை அன்று. எங்கே என்ன தேவை என்று சொல்லும் ஓர் இடம், அதைக் கேட்டு ஆளையும் பொருளையும் திருப்பிவிடும் ஒரு கை, தொடக்க நாட்களில் போதிய அளவில் இல்லை. மாவட்ட நிர்வாகம் விரைவாகச் செயல்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய ஆட்சியர் ககன்தீப் சிங் பேடியின் பெயரை இந்தக் கரையோர மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் ஓர் ஆட்சியரின் திறமை அவரோடு மாற்றலாகிப் போய்விடும். அடுத்த இடருக்கு மிஞ்சுவது ஏடும் முறையும்தான்.

அதே நாட்களில் தெற்கே நாகப்பட்டினத்தில் நடந்ததைப் பாருங்கள். பேரலை வந்த ஒரு வாரத்துக்குள், 2005 புத்தாண்டை ஒட்டி, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு அங்கே எழுந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற, கடற்கரையை ஏற்கெனவே அறிந்த அமைப்புகள் அதை நடத்தின. வந்திறங்கும் அமைப்பு எந்த ஊருக்குப் போவது, அந்த ஊரில் என்ன குறை என்ற தகவல் ஓரிடத்தில் சேர்ந்தது. குறைகள் அங்கேயும் இருந்தன. ஆனாலும் பிற்காலத்தில் இத்துறையில் உள்ளவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் முன்மாதிரியாக அது நின்றது. இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் நம் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே சோறு வேகிறது என்றால் ஈகை உள்ளம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அரிசி எங்கிருந்து வரும், விறகு யார் பொறுப்பு, இன்று அடுப்படியில் யார், பந்தியில் யார் என்று ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்திருக்கிறார். கருணையை நாள்தோறும் நடத்திக்காட்ட ஒழுங்கு வேண்டும் என்பதை வள்ளலாரின் மண்ணுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தன்னார்வலரை நிர்வகிப்பது என்றால் என்ன என்பதைப் படைகளே எழுத்தில் வகுத்திருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படை 1965-இல் படைக் குடும்பங்களுக்கான சமூகச் சேவை அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. கணவன் வியட்நாமுக்குப் போய்விட, குழந்தைகளோடு முகாமில் தனித்து நின்ற பெண்களுக்கு அதே நிலையில் இருந்த பிற பெண்கள் கைகொடுத்ததே அதன் முதுகெலும்பு. நாளடைவில் அந்தத் தொண்டுக்குச் சட்டமும் வந்தது. இன்று அங்கே ஒரு முகாமில் தன்னார்வலராகச் சேர்பவர் முதலில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அவர் செய்யப்போகும் வேலை இன்னது என்று எழுதப்படுகிறது. அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. உழைத்த மணிக்கணக்கு பதிவாகிறது. பணியின்போது காயம்பட்டால் இழப்பீடு பெறுவதிலும், அவர் செய்த வேலையால் வழக்கு வந்தால் பாதுகாப்புப் பெறுவதிலும் அவர் அரசு ஊழியருக்கு நிகராக வைக்கப்படுகிறார். சம்பள ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்பத் தன்னார்வலரைப் பயன்படுத்தக் கூடாது. யாரையும் வற்புறுத்திச் சேர்க்கவும் கூடாது. இவ்வளவு பெரிய வல்லரசின் ஏற்பாட்டை நாம் அப்படியே தூக்கிவர முடியாது, தேவையும் இல்லை. ஆனால் வேலை இன்னது, பொறுப்பாளர் இன்னார், காயத்துக்குக் காப்பு, உழைப்புக்குப் பதிவு என்ற இந்த நான்கும் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருந்தால் நடக்கக்கூடியவை.

நம் மாவட்டத்துப் படைவீரர் சமூகத்திடம் இருப்பது என்ன? தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டு பணி முடித்து, பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்புகிறார். உடலில் வலு இருக்கும் வயது. பொறியாளர் படையில் இருந்தவருக்குத் தற்காலிகப் பாலம் போடத் தெரியும், படகு செலுத்தத் தெரியும். சிக்னல் பிரிவில் இருந்தவருக்குக் கைபேசிக் கோபுரம் சாய்ந்த பிறகும் செய்தி அனுப்பும் வழி தெரியும். மருத்துவப் பிரிவில் இருந்தவருக்கு இரத்தப்போக்கை நிறுத்தத் தெரியும். இவர்களின் சேவை விவரம் முழுவதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, கொடிநாள் நிதியுதவி ஆகியவற்றுக்காகத் திறக்கப்படுகிறது. இன்னொரு கேள்வியையும் அதனிடம் கேட்கலாம்: பரங்கிப்பேட்டையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் படகு ஓட்டத் தெரிந்த முன்னாள் வீரர் எத்தனை பேர்? இப்படிக் கேட்கும் வேலை இன்று எவருடைய கடமையாகவும் வகுக்கப்படவில்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் முன்னாள் படைவீரர்களைத் தொழில்முனைவோராக்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 சதவீத மூலதன மானியமும் தர முன்வந்தது. நல்ல திட்டம். அவர்களின் கைத்திறனை ஊருக்குக் கொண்டுவரும் திட்டமும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதில் ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2022-இல் வந்த அக்னிபாத் முறையில் நான்காண்டுப் பணிக்குப் பின் நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டுமே படையில் நீடிப்பார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும், முழுப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் நம் ஊர்களுக்கு ஆண்டுதோறும் திரும்பப்போகிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, விதிப்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே நல அலுவலகத்தின் இப்போதைய பதிவேட்டில் அவர்கள் பெயர் தானாக ஏறப்போவதில்லை. அரசின் கண்ணுக்குப் படாத பயிற்சி பெற்ற தலைமுறை ஒன்று உருவாகிறது. அந்தக் கொள்கை சரியா தவறா என்பதில் இந்த அவையில் பல கருத்துகள் இருக்கலாம். திரும்பி வரும் பிள்ளையின் பெயரையும் திறமையையும் குறித்துவைக்க அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படைவீரர் சமூகம் தொண்டு தருவது போலவே அதற்குத் தொண்டு தேவைப்படவும் செய்கிறது. முதிய ஓய்வூதியர்கள், வீரமரணம் அடைந்தவர்களின் மனைவியர், மகன் எல்லையில் இருக்கத் தனியே வாழும் பெற்றோர் ஆகியோர் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றை அதில் பதிய வேண்டும். தவறினால் பென்ஷன் நிற்கும். கைரேகை தேய்ந்த எழுபது வயது அம்மாவுக்கு அது எளிய வேலை இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணிநேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. அந்த மணிநேரத்தின் ஒரு பகுதியை நவம்பர் மாதத்தில் இந்த வீடுகளுக்கு ஒதுக்கினால், பேரணியில் பதாகை பிடித்து நடப்பதைக் காட்டிலும் அது பயன் தரும். மாணவரை அந்த வாசலுக்கு அனுப்ப முகவரி தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். முகவரி ஓர் அலுவலகத்தில் இருக்கிறது, மாணவர் ஒரு கல்லூரியில் இருக்கிறார். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு எந்தப் பதவிக்கும் எழுதப்படவில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. படையின் ஒழுங்கைத் தொண்டில் புகுத்தினால் கட்டாயம் வந்துவிடாதா என்று கேட்பார்கள். அந்த அச்சத்துக்கு இந்தச் சிதம்பரமே சான்று. 1962 சீனப் போருக்குப் பின், 1963-இல் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயத்தின் இன்னொரு முகம் மொழியில் தெரிந்தது: 1965 ஜனவரி 27-இல் இதே சிதம்பரத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தார். 1968 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மொழித் தீர்மானம் நிறைவேற்றியபோது மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களும் அதில் ஒரு பிரச்சினையாக நின்றன. நாடு முழுவதும் வேறு காரணங்களாலும் எதிர்ப்பு வளர்ந்து, அதே ஆண்டில் மாணவர் படை மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1969-இல், காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு பிறந்தது. கட்டாயம் தோற்ற இடத்தில்தான் தன்விருப்பத் தொண்டுக்கான திட்டம் முளைத்தது. அந்த வரலாற்றை மதிப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: நிர்வாகமும் கட்டாயமும் வெவ்வேறு. வருவதும் போவதும் அவர் விருப்பம் என்று தன்னார்வலருக்கு எழுத்தில் உறுதி தருவதே நல்ல நிர்வாகத்தின் முதல் வேலை. ஏடில்லாத இடத்தில்தான் வற்புறுத்தல் ஒளிந்துகொள்ள வசதி அதிகம்.

இப்படி ஒளிந்த வற்புறுத்தலுக்குப் படைக் குடும்பங்களுக்குள்ளேயே எடுத்துக்காட்டு உண்டு. 1966 முதல் இயங்கும் இராணுவத்தினர் மனைவியர் நலச் சங்கம், வீரர்களை இழந்த குடும்பங்களுக்கும் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகளுக்கும் செய்திருக்கும் பணி பெரியது. அதன் தலைமை தரைப்படைத் தளபதியின் மனைவிக்குப் போகிறது. கீழ்மட்டங்களிலும் கணவரின் பதவியை ஒட்டியே மனைவியின் பொறுப்பு அமைகிறது. தளபதியின் மனைவி அழைக்கும் கூட்டத்துக்கு ஒரு சிப்பாயின் மனைவி வர மறுக்க முடியுமா என்பது அந்த முகாம்களிலேயே கேட்கப்படும் கேள்வி. அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்து, 1980-களின் இறுதியில், மனைவி தொண்டு செய்தாரா இல்லையா என்பது கணவரின் பதவி உயர்வைத் தொடக் கூடாது என்று பாதுகாப்புத் துறை வெளிப்படையாக ஆணையிட வேண்டியிருந்தது. படையிடமிருந்து பதிவையும் பயிற்சியையும் பொறுப்புப் பங்கீட்டையும் எடுத்துக்கொள்வோம். பதவிப் படிநிலையை முகாம் வாசலிலேயே விட்டுவிடுவோம். சுபேதாராக ஓய்வுபெற்றவரும் நாயக்காக ஓய்வுபெற்றவரும் வெள்ளத்தில் ஒரே படகில் ஏறும்போது, அந்த ஆற்றை அறிந்தவர் சொல்வதைத்தான் மற்றவர் கேட்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு உழைப்பைப் பற்றியது. தன்னார்வம் என்ற பெயரில் அரசு கூலி இல்லாமல் வேலை வாங்கும் என்கிறார்கள். ஊர்க்காவல் படையை நினைத்துப் பார்த்தால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1963 சட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் அமைந்த அந்தப் படை பெயரளவில் தன்னார்வப் படை. நடராசர் கோயில் ஆனித் தேரிலும் மார்கழித் தேரிலும் வெயிலிலும் பனியிலும் நின்று கூட்டத்தை நெறிப்படுத்துபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஊர்க்காவல் படையினர் நிரந்தர ஊழியர் ஆக மாட்டார்கள், ஆனால் அவர்களின் பணிநாள் படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக அமைய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் படி நாளுக்கு 560 ரூபாய் ஆனது. கூடவே மாதத்தில் அழைக்கப்படும் நாட்கள் சுருங்கின. நாள்படி ஏறியும் மாத வருமானம் அதற்கேற்ப ஏறவில்லை. ஆண்டு முழுவதும் தேவைப்படும் காவல் வேலையைத் தொண்டு என்று பெயரிட்டு நடத்தியதால் வந்த வினை இது. தினமும் வேண்டிய வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். எப்போதாவது, ஆனால் பேரளவில், ஒரே நேரத்தில் தேவைப்படும் வேலைக்கே தன்னார்வலர். இந்த எல்லைக்கோட்டை எழுதிவைக்காத எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

அரசு ஏற்கெனவே இதைச் செய்கிறதே என்ற மூன்றாம் மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் ஆப்த மித்ரா திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாயம் மிக்க 30 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 200 பேர் வீதம் 6,000 பேர். பின்னர் அது 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர் என்று விரிந்தது. பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. இப்போது மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம் ஆகியவற்றிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பயிற்றும் அடுத்த கட்டமும் வந்திருக்கிறது. இந்தத் திட்டங்கள் தொண்டுக்கு உரிய மரியாதையைத் தந்தன. என் கேள்வி பயிற்சி முடிந்த மறுநாளைப் பற்றியது. நம் மாவட்டத்து இளைஞர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போய்க்கொண்டே இருப்பவர். மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய பட்டியலில் இன்று பாதிப் பேர் ஊரில் இல்லாமல் இருக்கலாம், கைபேசி எண் மாறியிருக்கலாம். வாக்காளர் பட்டியலைத் திருத்துவது போல இந்தப் பட்டியலையும் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் திருத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருநாளாவது அவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை இந்தத் தொடர்ச்சிக்கு ஒதுக்கினால் போதும்.

சீருடையைக் கண்டால் மக்கள் ஒதுங்குவார்கள், மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் நாட்டாரும் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்ற ஐயத்தையும் மதிக்க வேண்டும். ஆழிப்பேரலையில் முதல் சில மணிநேரம் உயிர்களைக் காத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களே. ஊர்ப் பஞ்சாயத்தை விலக்கி எந்த ஏற்பாடும் கடற்கரையில் நிற்காது. அதே பஞ்சாயத்தின் கணக்கில் தலித் குடியிருப்புகளும் இருளர் குடிசைகளும் விடுபட்டதும் அந்த நாட்களில் வெளிப்பட்டது. ஆகவே ஊரின் பட்டியலும் வேண்டும், ஊருக்கு வெளியே பொறுப்புள்ள ஒருவர் அதைச் சரிபார்ப்பதும் வேண்டும். பல மாநிலத்தவரோடும் பல சாதியினரோடும் ஒரே பாசறையில் உண்டு உறங்கிய முன்னாள் வீரர்கள் இந்தச் சரிபார்ப்புக்குப் பொருத்தமானவர்கள் என்று நம்புகிறேன். அவர்கள் எல்லாரும் சாதியைக் கடந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கடந்து வாழும் பழக்கம் மற்றவரைவிட அவர்களுக்கு அதிகம்.

இந்த மாவட்டத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். மாவட்ட ஆட்சியரின் கீழ், மாற்றலுக்கு ஆளாகாத முழுநேரத் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் பதவி ஒன்றை உருவாக்குங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ஊர்க்காவல் படை, கல்லூரிகளின் மாணவர் படை, நலப்பணித் திட்டம், ஆப்த மித்ரா ஆகிய ஐந்து பட்டியல்களையும், அதில் இருப்பவர்களின் ஒப்புதலோடு, ஒரே ஏட்டில் ஊர்வாரியாகச் சேர்க்கட்டும். யாருக்கு என்ன தெரியும் என்று அதில் இருக்கட்டும். பணியில் காயம்பட்டால் யார் செலவை ஏற்பார் என்பதை அரசாணையாக எழுதட்டும். இந்த அவையில் இருக்கும் முன்னாள் படைவீரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் அக்டோபருக்குள் உங்கள் ஊரில் நீச்சல் தெரிந்தவர், படகு வைத்திருப்பவர், முதலுதவி அறிந்தவர், தனியே வாழும் முதியவர் ஆகியோரின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒரு படியை உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.